கருவில் வளரும் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆமத்தூர் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



    

ஆண்டுக் கூட்டத்தில் வழக்கமாக வரவு செலவு, மதரஸா, பள்ளிவாசல் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். இவ்வாண்டு நிர்வாகிகள் நம்மிடம் மருத்துவம் சார்ந்த ஒரு தலைப்பைத் தந்துள்ளார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனை என்பதே அத்தலைப்பு. இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே, இமாமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும்.

வேலை இருக்கிறது. நிகாஹ் ஓதி வைப்பவர்கள் நாம். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்ல அழைக்கப்படுபவர்கள் நாம். வெள்ளைத் துணியில் சுற்றிய பச்சிளம் சிசுவை மையவாடியில் அடக்கம் செய்து, தந்தையின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்பவர்களும் நாமே. ஒவ்வொரு சிசு மரணத்துக்கும் இந்நோயே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால் தடுக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கும்போது, ஆறுதல் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது.

நோயின் தன்மை

கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையோடு நஞ்சுக்கொடியும் வளர்கிறது. அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் செய்யும் வேலையைத் தடைப்படுத்துகின்றன. மாதம் ஏற ஏற இத்தடை கூடும். பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடு கொடுத்துவிடும். சிலருக்கு அது இயலாது. அவர்களின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுவே கர்ப்பகாலச் சர்க்கரை நோய்.

தாயின் இரத்தத்தில் ஏறிய சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் அவ்வாறு செல்லாது. எனவே குழந்தையின் சிறிய கணையமே அச்சர்க்கரையைச் சமாளிக்க அதிக இன்சுலினைச் சுரக்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவத்தின்போது தோள் சிக்குகிறது, அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. பிறந்து தொப்புள்கொடி அறுக்கப்பட்டதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலின் உடனே நிற்பதில்லை. அதனால் குழந்தையின் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுதல், பனிக்குட நீர் மிகுதல் ஆகியவையும் இந்நோயோடு சேர்ந்து வருகின்றன. சில வேளைகளில் குழந்தை கருவிலேயே இறந்துவிடுகிறது.

இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கர்ப்பிணி நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாக இருப்பாள். "பிள்ளை நல்லா வளருது" என்று வீட்டார் மகிழ்வார்கள். பரிசோதித்தாலொழிய நோய் தெரியாது.

தமிழகத்தில் பிறந்த வழிமுறை

இப்பரிசோதனையைப் பொறுத்தவரை நம் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய்த் துறையில் பணியாற்றிய டாக்டர் வி. சேஷையா அவர்களும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் 2005 முதல் 2007 வரை பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தனர். மாநகரப் பெண்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், புறநகரில் 13.8 பேருக்கும், கிராமப்புறத்தில் 9.9 பேருக்கும் இந்நோய் இருந்தது. "இது பணக்காரர் நோய், பட்டணத்து நோய்" என்று இனி யாரும் சொல்ல இயலாது. கிராமத்திலேயே பத்துக் கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இருந்திருக்கிறது.

2007ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனை செய்யப்பட வேண்டும் என ஆணையிட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2018இல் அவற்றைத் திருத்தி அமைத்தது. டாக்டர் சேஷையா அவர்களுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐ மருத்துவ அமைப்புகள் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

அவர்கள் வகுத்த முறையின் சிறப்பு அதன் எளிமையே. வெளிநாடுகள் பலவற்றில் வெறும் வயிற்றுடன் வரச்செய்து, இரண்டு மூன்று முறை இரத்தம் எடுப்பார்கள். நம் கிராமத்துப் பெண் பேருந்து ஏறி வருகிறாள். "இன்று சாப்பிட்டுவிட்டாய், நாளை வெறும் வயிற்றோடு வா" என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் அவள் வரமாட்டாள். இதை உணர்ந்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் செய்யத்தக்க ஒரே பரிசோதனையை ஏற்படுத்தினார்கள். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்திற்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதாகப் பொருள். குடித்த அரைமணி நேரத்திற்குள் வாந்தி வந்துவிட்டால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்.

கர்ப்பம் உறுதியாகிப் பதிவு செய்யச் செல்லும் முதல் வருகையிலேயே இப்பரிசோதனை செய்யப்படும். அப்போது அளவு சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்திற்குள் இரண்டாம் முறை செய்தாக வேண்டும். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் வலுப்பெறும் காலம் அதுவே. முதல் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தது, பின்னர் வரும் மாதங்களுக்குப் பொறுப்பேற்காது.

அமானிதம் கைமாறும் வேளை

அன்பிற்குரியவர்களே! சட்டம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கிறது. அவ்வாறிருந்தும் நம் பெண்களில் சிலருக்கு அது தவறிப்போகிறது. எங்கே தவறுகிறது என்பதைத்தான் இன்று உங்கள் சிந்தனைக்கு வைக்கிறோம்.

24 முதல் 28 வாரம் என்பது ஆறாம் மாதத்தின் பிற்பாதியும் ஏழாம் மாதத்தின் முற்பாதியும் ஆகும். நம் வழக்கத்தில் அப்போது என்ன நடக்கிறது? ஏழாம் மாதம் பலகாரத் தட்டுகளோடு சம்பந்தி வீட்டார் வந்து, பெண்ணைத் தாய் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறார்கள். இவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெண் இருக்கமாட்டாள். அவ்வூர்ச் செவிலியருக்கு இப்படியொருவர் வந்திருப்பது தெரியாது. மாமியார் வீட்டார் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிறார்கள். தாய் வீட்டார் "அங்கேயே எல்லாம் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள்" என்று நினைக்கிறார்கள். இரு வீட்டாரின் நல்லெண்ணத்திற்கும் நடுவே அந்த ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கப்படாமலேயே போகிறது.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே. பெயரும் ஆண்டும் வேண்டாம். மூன்றாம் மாதச் சோதனையில் சர்க்கரை இல்லை. ஏழாம் மாதம் பிறந்த வீடு சென்றார். இரண்டாம் சோதனை நடக்கவில்லை. பிரசவ வலியில் மருத்துவமனைக்கு வந்தபோதுதான் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தது. நாலரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையில் பிறந்த அக்குழந்தை, தாயின் முகம் பார்க்கும் முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றது. அல்லாஹ்வின் அருளால் இன்று நலமாக இருக்கிறது. அத்தனை துன்பமும் ஒரு முற்பகலில் தவிர்த்திருக்கக்கூடியது.

இரண்டாவது கைமாற்றம் பிரசவத்திற்குப் பின் நிகழ்கிறது. இந்நோய் கண்ட பெண்ணுக்குப் பிள்ளை பிறந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். "நோய் போய்விட்டது" என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் பிரசவமாகி ஆறு வாரம் ஆனதும் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு அதிகம். அப்பெண்ணோ நாற்பது கழிந்து, குழந்தையோடு கணவர் வீடு திரும்பும் மகிழ்ச்சியில் இருப்பாள். மீண்டும் இரு வீட்டாருக்கும் நடுவே பரிசோதனை தவறுகிறது.

இங்கு ஒரு மார்க்க விளக்கம் தேவை. பேறுகாலத் தொடக்கான நிஃபாஸ் ஹனஃபி மத்ஹபில் அதிக அளவு நாற்பது நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாட்கள். அக்காலத்தில் தொழுகையும் நோன்பும் இல்லை. மருத்துவமனைக்குச் செல்லக்கூடாது என்று எந்த மத்ஹபிலும் சட்டமில்லை. "நாற்பது முடியாமல் வாசல் தாண்டக்கூடாது" என்பது ஊர் வழக்கமேயன்றி ஷரீஅத் அல்ல. இருப்பினும் அவ்வழக்கத்தையே நன்மையாக்கிக்கொள்ளலாம். ஆறு வாரம் என்பது 42 நாட்கள். நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்த அதே வாரத்தில் பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

ஒருவரிடமிருந்து அமானிதத்தைப் பெற்றவர் அதைச் சேதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. கர்ப்பிணிப் பெண் இரு குடும்பங்களுக்கிடையே கைமாறும் அமானிதம். அவள் வயிற்றில் இருப்பது அல்லாஹ்வின் அமானிதம். ஒரு நகையைக் கொடுத்து வாங்கும்போது எடை பார்த்துக் கொடுக்கிறோம், எடை பார்த்து வாங்குகிறோம். பெண்ணை அனுப்பும்போது "சோதனை முடிந்ததா, சீட்டு எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்பது அதைவிடப் பெரிய காரியமா?

சில ஐயங்களும் விளக்கங்களும்

"எல்லாம் தக்தீர்படி நடக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கமளித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் மருத்துவம் செய்துகொள்ளும்படி கிராமவாசிகளுக்கு அறிவுறுத்தியதை உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நோய் தக்தீர் எனில், அதைக் கண்டறியும் பரிசோதனையும் தக்தீரே.

"ரமளானில் சோதனை நாள் வந்தால்?" விரலில் குத்தி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்தால் முறிந்துவிடும். எனவே நோன்பு தொடங்கும் முன்பே 24 வாரம் ஆகிவிட்டால் அப்போதே முடித்துக்கொள்ளலாம். ரமளானுக்குள்தான் அவ்வாரங்கள் வருகின்றன, தள்ளிப்போடுவது குழந்தைக்கு நல்லதல்ல என்று திறமையான மருத்துவர் கூறினால், அன்றைய நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. ஹனஃபி மத்ஹபின்படி களா மட்டும் போதும். ஷாஃபிஈ மத்ஹபின்படி குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டவர் களாவோடு ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். சர்க்கரை உறுதியாகி இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணி, மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்பது தக்வா ஆகாது.

"இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே?" முற்காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மை. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் மனித இன்சுலின் புழக்கத்திற்கு வந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் தரப்படுவது அவ்வகையே. ஐயம் கொள்ளத் தேவையில்லை.

"ஊசி போட ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமே?" கர்ப்பகாலத்தில் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. நோய் கண்டவர்களுள் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்படாது. முதலில் இரண்டு வாரம் உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியும் சொல்வார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 120க்குள் வந்துவிட்டால் அதையே தொடரலாம். வராவிட்டால்தான் மருந்து. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் பெண்களைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முறையான சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடும் பாதிப்பு நூற்றுக்கு 4 என்பதிலிருந்து 1 ஆகக் குறைந்தது.

உணவு ஒழுங்கு என்றால் பட்டினி அல்ல. கர்ப்பிணி பட்டினி கிடக்கக்கூடாது. ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். சோற்றைக் குறைத்துக் காய், கீரை, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போகிறோம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவையும் வாங்கிச் செல்லும் உறவினர்கள், ஒரு சீப்புப் பழத்துக்குப் பதில் ஒரு கட்டுக் கீரையும் பத்து முட்டையும் கொண்டு போனால் அதுவே உண்மையான அன்பு. பேரீச்சம்பழம் பரக்கத்தான கனிதான். அதிலும் சர்க்கரை உண்டு. எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

வெட்கமும் பழிச்சொல்லும்

பரிசோதனைக்கு வரத் தயங்குவதற்கு மற்றொரு காரணம் உண்டு. "சர்க்கரை என்று தெரிந்தால் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ, நோயாளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பார்களோ" என்ற அச்சம் தாய்மார்களிடம் இருக்கிறது. சில வீடுகளில் ஊசியை ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்ளும் நிலையும் உண்டு.

பெரியோர்களே! இந்நோயை வெளிக்கொண்டு வருவது உங்கள் பேரக்குழந்தையைச் சுமக்கும் நஞ்சுக்கொடி. அப்பெண் செய்த குற்றம் எதுவுமில்லை. தாய் தன் பிள்ளையைச் சுமக்கும் சிரமத்தை லுக்மான் அத்தியாயத்தில் இறைவனே எடுத்துக் கூறியிருக்கிறான். அச்சிரமத்தின் ஒரு பகுதியைக் குத்திக்காட்டிப் பேசுவது அவன் கண்ணியப்படுத்தியதை நாம் இழிவுபடுத்துவதாகும். ஒரு பெண்ணின் நோயைத் தெருவில் பேசுவது புறம் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

ஜமாஅத்தார் முன் வைக்கும் கோரிக்கைகள்

ஒன்று: ஏழாம் மாதம் பெண்ணை அழைத்துச் செல்லும் நாள் குறிக்கும்போது, இரண்டாம் சர்க்கரைப் பரிசோதனை முடிந்ததா என்று இரு வீட்டாரும் கேட்க வேண்டும். முடியாமல் பலகாரத் தட்டு வாசல் தாண்ட வேண்டாம். பெண்ணோடு அவளது தாய்சேய் நல அட்டையையும், பதிவு எண்ணையும், சோதனைச் சீட்டையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். சென்ற ஊரின் செவிலியரிடம் முதல் வாரத்திலேயே தெரிவிக்க வேண்டும்.

இரண்டு: நோய் இருந்த பெண்ணுக்கு நாற்பது கழிந்ததும் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது முடிந்தே கணவர் வீடு திரும்ப வேண்டும். அதன்பின் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்த கர்ப்பத்தில் முதல் வருகையிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று: பரிசோதனைக்குச் செல்லும் பெண்ணோடு வீட்டார் ஒருவர் இரண்டு மணி நேரம் உடனிருக்க வேண்டும். தனியே விடப்பட்டால் குளுக்கோஸைக் குடித்துவிட்டு, இரத்தம் கொடுக்காமலேயே வேலை நேரமாயிற்று என்று எழுந்து போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவர் அன்று ஒரு தொலைபேசி அழைப்பில் "அளவு எவ்வளவு?" என்று கேட்டால் போதும், வீடே விழித்துக்கொள்ளும்.

நான்கு: விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே வாழும் நம் பெண்களில் பலர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களில் எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவர்கள். அரைநாள் போனால் அரைநாள் கூலி போகும். தொழில் நடத்தும் நம் ஜமாஅத்துப் பெருமக்கள், கர்ப்பிணித் தொழிலாளர் எந்தச் சமயத்தவராயினும், பரிசோதனை நாளில் கூலி பிடிக்காமல் அனுப்ப முன்வர வேண்டும். ஏழைப் பெண்களின் ஆட்டோ கட்டணத்தையும் அன்றைய கூலி இழப்பையும் பைத்துல்மாலிலிருந்து ஈடுசெய்வது குறித்து நிர்வாகம் இக்கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்து: நிகாஹ் பதிவுக்கு வரும் மணமக்களின் குடும்பத்தாருக்கு இவ்விவரங்கள் அடங்கிய ஒரு சிறு அட்டையைத் தஃப்தரோடு சேர்த்து வழங்கலாம். அதனை எழுதித் தரும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். சரிபார்க்கும் பொறுப்பை அரசு மருத்துவர் ஒருவரிடம் வேண்டிக்கொள்ளலாம். விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அறிவுடையோரைத் தேடிப் போவது நமக்குத் தொலைவில்லை.

அருமைச் சகோதரர்களே! நாம் கேட்பது ஒரு முற்பகல். அதில் ஒரு டம்ளர் இனிப்புத் தண்ணீர், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, ஒரு துளி இரத்தம். இவ்வளவே. இதை மருத்துவமனையின் வேலையென்று விட்டுவிடாமல், பெண்ணை அனுப்பும் வீடும் ஏற்கும் வீடும் தத்தம் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பெண்மக்களுக்குச் சுகப்பிரசவத்தையும், நம் வீடுகளுக்கு ஸாலிஹான சந்ததிகளையும், அமானிதங்களைப் பேணி ஒப்படைக்கும் பொறுப்புணர்வை நம் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.